ஊசிமுனை கிடைக்காமல் கையொப்பமிட மறுத்த கலாராணி அம்மையாருக்கு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பனியில் புறப்பட்டு வந்து, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் ஆடைத் தொழிற்சாலையின் தரத்தைத் தனித்துத் தாங்கிய தகைமையே! அதட்டலுக்கு அடங்காத அஞ்சா நெஞ்சே! பணிநிறைவு காணும் கலாராணி அம்மையே, வணக்கம்!

இன்று காலை அலுவலகம் எங்களிடம் வாசிக்கத் தந்த தாளில் அம்மையாரைப் பற்றி இரண்டே வரிகள் இருந்தன: நேரத்துக்கு வருபவர், அமைதியானவர். அதை மடித்து வைத்துவிட்டோம். அவையோரே, அவர் எத்தனை அமைதியானவர் என்பதை நாங்கள் சொல்கிறோம், கேளுங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பதுளையில் அடைமழை கொட்டிய ஒரு கார்த்திகை நண்பகல். மூன்றாம் வரிசையில் கைக்குழந்தைகளுக்கான சட்டை தைத்துக்கொண்டிருந்த மதுஷாவின் இயந்திரத்தில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் முழுவதும் கிடைக்கும்வரை ஓர் உடுப்பும் வெளியே போகக்கூடாது என்பது வெளிநாட்டுத் தலைமையகத்தின் விதி. சுவரில் மூன்று மொழிகளில் மாட்டியிருக்கிறது. இரண்டு துண்டுகள் கிடைத்தன. முனை கிடைக்கவில்லை. உலோகம் காட்டும் இயந்திரமோ ஒரு வாரமாகப் பழுது. தரம் பார்க்கும் அம்மையார் பதினொரு பெட்டிகளைச் சிவப்பு நாடா ஒட்டித் தனியே நிறுத்தினார்.

உற்பத்தி முகாமையாளர் கஜரூபன் ஓடிவந்தார்.

"என்ன அக்கா இது? கொன்டெய்னர் வாசல்ல நிக்குது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிடுங்கோ."

"முனை கெடைக்கலீங்க சேர்."

"அது எங்கையாவது நிலத்தில விழுந்திருக்கும்."

"விழுந்திருந்தா நல்லதுங்க. பச்சப்புள்ள கழுத்துல ஏறியிருந்தா? நான் போடமாட்டேங்க."

மகளின் படிப்பு இந்த வேலையை நம்பியிருந்தது அருகில் நின்ற எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துக்காக நீட்டிய படிவத்தை அவர் தொடவில்லை. பதிவேட்டில், 'முனை கிடைக்கவில்லை, அனுப்ப வேண்டாம்' என்று எழுதிவைத்தார்.

அன்று மாலையே வேறொருவரின் கையெழுத்தோடு பெட்டிகள் போயின. மறுநாள் அம்மையாரை அட்டைப்பெட்டி மடிக்கும் அறைக்குத் தள்ளினார்கள். 'வயதானதால் வேலையில் மந்தம்' என்று அவருடைய கோப்பில் எழுதினார்கள். மந்தமாம்! நாளொன்றுக்கு ஆயிரம் தையலைக் கண்ணால் அளந்தவர் மந்தமாம்!

ஐந்து வாரத்தில் அந்த முனை அகப்பட்டது, கடல் கடந்த ஒரு களஞ்சியத்தில், ஒரு சட்டையின் கழுத்துத் தையலுக்குள். எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகாதது தெய்வச் செயல். சரக்கு முழுவதும் திரும்பியது, வாங்குவோர் விலகினர், ஒரு வரிசையே மூடப்பட்டது. விசாரிக்க வந்த வெளிநாட்டு அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டி, இதை எழுதியவர் எங்கே என்று கேட்ட பிறகுதான் அம்மையாரை மீண்டும் அழைத்தார்கள்.

திரும்பி வந்தவர் பழி பேசவில்லை. "என் கையெழுத்து இல்லாம ஒரு பெட்டியும் வெளிய போகக்கூடாதுங்க" என்பதை மட்டும் கேட்டு வாங்கினார். அதன்பின் ஒரு பெட்டியும் திரும்பி வந்ததில்லை. விலகியவர்கள் மீண்டும் வாங்கினர்; மூடிய வரிசையும் இன்று ஓடுகிறது. சென்ற ஆண்டு தலைமையகம் தரத்துக்கான விருதைத் தந்தபோது, விமானம் ஏறிப்போய் வாங்கியவர்கள் யார்? படத்தில் ஆறு முகங்கள் சிரிக்கின்றன. அம்மையாரின் முகம் எங்கே? 'முகாமையின் தொலைநோக்கு' என்று விருதில் பொறித்திருக்கிறார்கள். எந்தத் தொலைநோக்கு? பெட்டி மடிக்கும் அறைக்கு அனுப்பியதா?

கோப்பிலுள்ள 'மந்தம்' என்ற அந்த வரியையாவது நீக்குங்கள் என்று நேற்று போய்க் கேட்டோம். "பழைய கதையை ஏன் கிளறுறியள்?" என்றார் கஜரூபன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறோம்: அவ்வரி பொய். அதை அடித்துத் திருத்திய பிரதி அம்மையாரின் கைக்கு வரவேண்டும்.

அம்மையே! கண்ணொளி குன்றாமல், கைகால் நோவு அண்டாமல், பட்டம் பெற்ற மகளின் பக்கத்தில் பல்லாண்டு நிமிர்ந்து வாழ்க!

இங்ஙனம்,
இதை வாசித்தால் வேலைக்கு ஆபத்து என்று எச்சரிக்கப்பட்ட பின்னும், முழுப்பெயர் எழுதிக் கையொப்பமிட்ட தொழிலாளர் அறுபத்தேழு பேர்.