கறுத்த பிரேக் ஒயில்

— இல்லைத் தம்பி கஜானன், நான்தான் உந்த மோட்டச்சைக்கிளைக் கெடுத்தனான். பொலிசாலை விட்டதும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை ஏத்தி நேரா உன்ரை கராச்சுக்குத்தான் கொண்டு வந்தனான். கழட்டிப் பாத்திட்டுச் சொல்லு.

— உதயக்கா, முதல்லை உந்தக் கதிரையிலை இருங்கோ. முன்பக்கம் நல்லா நெளிஞ்சு போச்சு. மார்க்கண்டண்ணைக்கு இப்ப எப்பிடி?

— மனுசன் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலைதான் கிடக்கிறார். கால் முறிஞ்சு பத்துப் போட்டிருக்கு. நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுகினமாம். அதுக்கு முதல் எனக்குத் தெரியவேணும், கண்டியே.

— என்ன தெரியவேணும்?

— பிரேக் ஏன் பிடிக்காமல் போனதெண்டு. அவர் காரணமெண்டு சொன்னது அது ஒண்டைத்தான். ‘பிரேக் பிடிக்கேல்லை’ எண்டார். பேந்து சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். என்ரை வேலையாலைதான் எண்டால் அவற்றை காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கவேணும்.

— நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— வெள்ளிக்கிழமையிலை தோட்டத்து இறைப்பு மெசினைப் போட்டு, குழாயாலை அடிச்சுக் கழுவுவன். மகன்ரை மோட்டச்சைக்கிளெல்லே. சுபாங்கன் திரும்பி வரேக்கை புதுசாக் கிடக்கவேணுமெண்டு கழுவித் துடைச்சு, லைற்றுக்குத் திருநீறும் பூசி விடுவன்.

— வெங்காயத்துக்கு இறைக்கிற மெசினாலையோ? நல்ல வேலை அக்கா! அந்த அடிக்குப் பெயின்ரே கழண்டிருக்கும்.

— பகிடி விடாதை தம்பி. கைபிடிக்குப் பக்கத்திலை ஒரு சின்னக் கண்ணாடி கிடக்கெல்லே, அதுக்குள்ளாலை பாத்தனான். முந்தி நல்லெண்ணெய் மாதிரி இருந்த ஒயில், கறுத்து வெறுந்தேத்தண்ணி மாதிரிக் கிடந்தது. கண்டும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா, இனிக் கழுவாதை எண்டு இவர் மறிச்சுப்போடுவார் எண்ட பயம்.

— ஏனக்கா மறிக்கிறார்?

— அவருக்கு நம்பிக்கை விட்டுப்போச்சுத் தம்பி. களவா வெளிநாடு போகேக்கை, எல்லைக் காட்டுக்குள்ளை நிக்கிறம், குளிருது அம்மா எண்டு பிள்ளை போன் எடுத்தானே, அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் கழுவிறதைக் காணேக்கை எழும்பி வெளிக்கிட்டுப் போயிடுவார். இப்ப சோறும் சரியாத் தின்னுறதில்லை. நீ மூடியைக் கழட்டு.

— கழட்டிறன். ஓம், நல்லாத்தான் கறுத்துக் கிடக்கு.

— பாத்தியே! என்ரை தண்ணிதான் உள்ளை போயிருக்கு. ஐயோ ஆஞ்சநேயரே!

— பொறுங்கோ. உங்கடை தண்ணி போயிருந்தால் வெளிறிப் பால் மாதிரியெல்லே இருக்கும். இது மண்ணிறம், விளங்குதே? மூடி பூட்டிக் கிடந்தாலும் பிரேக் ஒயில் காத்திலை உள்ள ஈரத்தைக் கொஞ்சங்கொஞ்சமா உறிஞ்சும். சூடு பட்டுப் பட்டு நிறம் மாறும். உள்ளுக்கை ரப்பர் தேஞ்சு, அந்தக் கறுப்பும் கரையும். பெரிய மோட்டச்சைக்கிளுகளிலை கிளச்சுக்கும் உந்த ஒயில்தான், அங்கையும் உப்பிடித்தான் கறுக்கும். கழுவினாலும் கறுக்கும், கழுவாட்டிலும் கறுக்கும்.

— கறுத்தால் பிரேக் பிடிக்காதுதானே?

— கறுத்த உடனை விடாது. ஈரம் கூடி, ஒயில் கொதிச்சால்தான் பிடி பஞ்சு மாதிரிப் போகும். அது மலையாலை இறங்கேக்கை, பிடிச்சபடியே வந்தால் நடக்கும்.

— கொதிச்சிருக்கும் தம்பி. அதுதான் நடந்திருக்கும்.

— எங்கடை ஊரிலை எங்கையக்கா மலை? வீட்டாலை வெளிக்கிட்டு மருதனார்மடச் சந்தி தாண்ட முதல், நிண்ட லொறியிலை அடிபட்டிருக்கு. காலமைக் குளிருக்கை, நேர் றோட்டிலை அது எப்பிடிக் கொதிக்கும்?

— அப்ப வேறை ஏதும் அறுந்திருக்கும். வடிவாப் பார்.

— பாத்தனான். ஒண்டும் அறேல்லை, ஒழுகேல்லை. இஞ்சை வாங்கோ, உந்தப் பிடியை நீங்களே அமத்துங்கோ. நான் சில்லைச் சுத்திறன்.

— அமத்திறன்.

— சில்லு நிண்டிட்டுது, கண்டியளே? இப்பவும் பிடிக்குது. பின்பிரேக்கையும் மிதிச்சுப் பாத்தனான், அதுவும் நல்லாப் பிடிக்குது.

— தம்பி, இன்னொருக்காப் பார். பழுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. பழி என்னிலையே இருக்கட்டும்.

— ஏனக்கா தேவையில்லாமல் பழியைத் தலையிலை தூக்கிப் போடுறியள்? நான் உங்களுக்கு நல்ல செய்தியெல்லே சொல்லுறன். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நிம்மதியா வீட்டை போங்கோ.

— நிம்மதியோ?

— ஏன் அழுறியள்? கொஞ்சம் தண்ணி குடியுங்கோ. அண்ணை நிண்ட லொறியைக் காணாமல் இடிச்சிருப்பார். கண் தெரியேல்லை எண்டு சொல்ல வெக்கப்பட்டுப் பிரேக்கிலை சாட்டியிருப்பார். ஆம்பிளையள் உப்பிடித்தான்.

— கண்டவர். தூரத்திலையே கண்டவர். லொறியின்ரை பின் பலகையிலை ஒரு தாயும் பிள்ளையும் படமாக் கீறிக் கிடந்ததாம். நேற்று நான் கேக்காமலே சொன்னவர்.

— அக்கா...

— அந்த நினைப்பை நான் நெஞ்சுக்குள்ளை வேண்டாமெண்டு தள்ளித் தள்ளி வைச்சனான், தம்பி. அதுதான் பிரேக்கிலை பிழை இருக்கவேணுமெண்டு உன்னட்டை ஓடி வந்தனான். என்ரை கையாலை நடந்ததெண்டால் கூட என்னாலை தாங்கியிருக்க ஏலும்.

— நான் விசரன் அக்கா. எனக்கு விளங்கேல்லை. இனி நான் என்ன செய்ய, சொல்லுங்கோ.

— அவர் நாளைக்கு வந்து கேட்டால், பிரேக் பழுதுதான், உதயகலா தண்ணி அடிச்சுக் கெடுத்துப்போட்டாள் எண்டு சொல்லு. நான் அவற்றை காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கத்தான் போறன். அவர் வேணுமெண்டே பிரேக்கைப் பிடிக்கேல்லை எண்டது எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரியவே கூடாது.