பாதிரியார் ஒளித்து வைத்த கடிதம்

— நீ ஆராய்ச்சி பண்ற நாவல்ல வர்ற அந்தப் பாதிரியார் பாவம்ன்னு சொன்னவங்க ஒருத்தர்கூடவா இல்ல, ஷாஜியா?

— இருக்காங்களே. முதல் அம்பது வருசம் எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க. பொண்டாட்டின்னா அவருக்கு உசுரு, அதனாலதான் அவளுக்கு வந்த லெட்டரை பியானோவுக்குள்ள ஒளிச்சாருன்னு. ஏங்க, கைகால் கழுவிட்டு வந்து உக்காந்து கேளுங்களேன்.

— அத்த வுடு. அப்புறம் இன்னா ஆச்சு?

— அப்புறம் பொம்பளைங்க படிச்சு வந்தாங்க. அவங்க வேற மாதிரி எழுதினாங்க. மெட்ராஸ் பள்ளிக்கூடத்துல வேலை இருக்கு, கப்பலேறி வான்னு அவளைக் கூப்ட்ட லெட்டர் அது. அத்த மறைச்சவன் புருசன் இல்ல, ஜெயிலருன்னு.

— ஜெயிலரா? அது ஜாஸ்தியா இல்ல?

— நாளைக்கு பிஎச்.டி. வைவாவுல கேள்வி கேப்பாங்கள்ல, நான் முதல்ல எடுக்கப் போறதே அதான். அப்பறம் இன்னொருத்தர், லெட்டரே முக்கியம் இல்ல, வெள்ளக்காரங்க நம்ம ஊரையே பியானோவுக்குள்ள போட்டு மூடிட்டாங்கன்னு ஒரு புக்கே எழுதிட்டார்.

— தோ பாரு, லெட்டர் ஒண்ணுதான், அதுக்கு எத்தினி பஞ்சாயத்து. விக்டோரியா ராணி காலத்துக் கதைய அஞ்சு வருசமா நம்ம டெய்லர் கடையில பேசிக்கினு இருக்கோம். பட்டனுக்கு காஜா எடுக்கிற சந்தியாவுக்கே பாதி மனப்பாடம். ஆனா அந்த நாவல வெச்சு எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துல அவர நல்லவராத்தானே காட்டினாங்க?

— மழையில முட்டி போட்டு அழுவாரே, அதுவா? கேளுங்க, நாவல்ல அந்த அழுகையே கெடையாது. படத்துக்காரங்க சேத்தது.

— டிவி சீரியல்ல?

— அதுல மூணாவது வாரமே வில்லன். நாவல்ல அவரு இன்னா பண்ணாருன்னு இருக்கு, ஏன் பண்ணாருன்னு ஒரு வரி இல்ல. அதான் ஆளுக்கொரு அர்த்தம். நீங்க ஏன் அவருக்கு வக்காலத்து வாங்கிக்கினு இருக்கீங்க? பேண்ட்டெல்லாம் செம்மண்ணு. கடையும் காலையிலேர்ந்து மூடிக் கெடந்துச்சாமே?

— கரியாலூர் போயிருந்தேன்.

— மலைக்கா? துணி மூட்டையத்தான் போன வெள்ளிக்கிழமையே குடுத்துட்டு வந்துட்டீங்களே.

— அதுலதான் வம்பே.

— இன்னா வம்பு? என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க.

— உனக்கு ஒரு லெட்டர் வந்துச்சி. இருபது நாளு ஆவுது. ரிஜிஸ்டர் தபாலு, போஸ்ட்மேன் கடையிலயே குடுத்துட்டுப் போயிட்டார். போனை மேல காட்டினா தமிழ்ல சொல்லுதே, அப்படிப் பாத்தேன். அந்த நாவலைக் கையால எழுதின காயிதமெல்லாம் இருக்கிற லைப்ரரி, சீமையில. ஒரு வருசம் தங்கிப் படிக்க உன்னக் கூப்ட்டிருக்காங்க.

— அத்த எங்க வெச்சீங்க?

— வாங்காத துணியில. அளவு குடுத்துட்டு வருசமாகியும் வராதவங்க துணி இருக்கில்ல, அதுல ஒரு பேண்ட் பாக்கெட்டுல சொருகினேன். யாரும் தொட மாட்டாங்கன்னு.

— நோன்புக்கு முன்னாடி வருசா வருசம் அந்தத் துணிய மலை ஜனங்களுக்குக் குடுக்கறவரே நீங்கதானே.

— நானேதான் மூட்டை கட்டினேன். நானேதான் பஸ்ஸுல ஏத்தினேன். இன்னிக்கு விடியக்காலையில பஜ்ரு தொழுவும்போதுதான் ஞாபகம் வந்துச்சி. பதில் போட நாளைக்குத்தான் கடைசி நாளு.

— அதுக்காக வூடு வூடா போய் பேண்ட் பாக்கெட்ல கை வுட்டீங்களா?

— பதினோரு வூடு. இருசப்பன்னு ஒருத்தர் அந்த பேண்ட்டப் போட்டுக்கினு மரவள்ளி புடுங்கப் போயிட்டார். அவரு கொல்லை வரைக்கும் நடந்து போய்ப் பாத்தா பாக்கெட்டு காலி. எனக்கு உசுரே இல்ல. அப்பறம் அவங்க வூட்டம்மா இருசம்மாள்தான் ரேஷன் கார்டு கவர்லேர்ந்து எடுத்தாங்க. லேபிள்ல அன்சர் டெய்லர்ன்னு போட்டிருக்கே, எப்படியும் கேட்டுக்கினு வருவீங்கன்னு பத்திரமா வெச்சேங்கறாங்க. நீ சிரிக்கிற.

— சிரிக்கல. ஏங்க மறைச்சீங்க?

— பயந்துட்டேன். காலையில எழுந்ததுலேர்ந்து காலேஜ் பஸ் ஏர்ற வரைக்கும் நீ பேசிக்கினே இருப்ப. அது இல்லாத வூட்ட நெனச்சுக்கூடப் பாக்க முடியல. தோ பாரு, உங்க புக்குல பெரியவங்க எழுதினது எல்லாமே சரிதான். பாசந்தான். ஜெயிலருந்தான்.

— அப்படி அந்தப் பாதிரியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்களுக்கு இவ்ளோ வேலையே இல்ல.

— இந்தா, புடி. கொஞ்சம் மண்ணு பட்டிருக்கு, எழுத்து அழியல. போய்ட்டு வா. உங்கம்மாவ நான் பாத்துக்கறேன். இப்பவே சம்மதம்னு பதில் போடு.

— வாணாங்க.

— இன்னா வாணாம்? என்மேல இருக்கிற கோவத்துல அத்த வுட்ராத, ஷாஜியா. ஒரு வருசந்தானே, நான் இருந்துக்குவேன்.

— கோவம் இல்லீங்க. இதே லெட்டர் அன்னிக்கே எனக்கு மெயில்ல வந்துடுச்சி. வரேன்னு அன்னிக்கே பதிலும் போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய் வராம இருபது நாளா ஒளிச்சிக்கினு இருந்தது நான்தான்.