நாலு டிகிரி

டக். அவ்வளவுதான் சார் அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் உர்ர்ருன்னு ஓடும், அப்புறம் டக்குன்னு நின்னு, ஒரு உதறு உதறிட்டு அடங்கிடும். மருந்து ஸ்டோர்ல வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்டது, இன்னும் காதுலயே இருக்கு. என்ன சத்தமா? ஃப்ரிட்ஜ் சார். நீங்க திரையில போட்டுக் காட்டினீங்களே, அதே ஃப்ரிட்ஜ்.

வேணாம், டீ நீங்க குடிங்க. பயிற்சி வகுப்பு இடைவேளை முடியறதுக்குள்ள சொல்லிடறேன். முடிஞ்சதும் என்னைத்தானே மேடைக்குக் கூப்பிடப் போறீங்க? கூப்பிடாதீங்க. அதைச் சொல்லத்தான் இந்த மூலைக்கு உங்களை இழுத்துக்கிட்டு வந்தேன்.

கோபமான்னா கேக்கறீங்க? கோபம்தான். காலையிலேருந்து கேள்வி கேளுங்க, கேள்வி கேளுங்கன்னு சொல்லிக் கொடுக்கறீங்க. செவுரு முழுக்க கலர் காகிதம். ஏன், எப்படி, யார் சொன்னதுன்னு பெரிய பெரிய எழுத்துல. அழகாத்தான் இருக்கு. அப்புறம் அந்தப் படத்தைப் போட்டீங்க பாருங்க. கெட்டுப்போன ஃப்ரிட்ஜைக் கண்டுபிடித்த விழிப்பான மருந்தாளுநர். கீழ என் ஃபோட்டோ. பாராட்டுப் பத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். உங்களுக்கு இதை யார் சார் சொன்னது?

ஆஸ்பத்திரி ஃபைல்ல இருந்துச்சா. சரி, அந்த ஃபைலை எழுதினது யாரு? பாத்தீங்களா, கேக்கலை. நான்தான் சார் எழுதினேன். என்னைப் பத்தி நானே எழுதினது. யார் சொன்னதுன்னு கேக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவர் நீங்களே கேக்கலையே.

தப்பா எடுத்துக்காதீங்க. உட்காருங்க. உங்க மேல கோபம் கொஞ்சம்தான்.

அந்த ஃப்ரிட்ஜ் கதவுல வட்டமா ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். முள்ளு வெச்சது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாத்து சார்ட்ல எழுதணும். நாலு. மறுபடி நாலு. அதுக்கு அடுத்த நாளும் நாலு. இன்சுலின் இருக்கற ஃப்ரிட்ஜ்ல நாலு டிகிரி இருந்தா ரொம்ப நல்லதுன்னு படிச்சவ நான். முள்ளு நல்லபடியா நிக்குதுன்னு சந்தோஷம். முள்ளு செத்துப்போய் நிக்குதுன்னு தோணவே இல்லை. இன்னொண்ணு சொல்றேன், இதையும் அந்தப் படத்துல சேத்துக்குங்க. சனி, ஞாயிறு ஸ்டோர் கிடையாது. ஆனா சார்ட்ல கட்டம் காலியா இருந்தா ஆய்வுக்கு வர்றவங்க திட்டுவாங்க. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே ரெண்டு நாளைக்கும் சேத்து எழுதிட்டுப் போயிடுவேன். நாலு, நாலு, நாலு, நாலு. ஆமா சார். நாளைக்கு எத்தனை டிகிரி இருக்கும்னு இன்னிக்கே எழுதினவ நான். சிரிங்க, பரவாயில்ல. எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் எழுதினாரு. எனக்குக் கத்துக்கொடுத்ததே அவருதான்.

நடுவுல எப்பவோ அந்த டக் நின்னுபோச்சு. ஃப்ரிட்ஜ் நிக்காம ஓட ஆரம்பிச்சுடுச்சு, ராப்பகலா. காதுக்குத் தெரிஞ்சுது சார், அதான் வயித்தெரிச்சல். என்னடா இது, மூச்சு விடாம ஓடுதேன்னு ஒரு நாள் நினைச்சேன். திரும்பி முள்ளைப் பாத்தேன். நாலு. போய் உட்காந்துட்டேன்.

உள்ள பாட்டிலெல்லாம் உறைஞ்சு கல்லாக் கிடந்திருக்கு. இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா போச்சு. உருகினப்புறம் பாக்க மருந்து மாதிரியே இருக்கும், ஊசியில ஏறும், உடம்புல வேலை செய்யாது. எனக்கு எப்படித் தெரியாம போச்சா? ஸ்டோரைப் பெருக்கற அம்மா ஏழு மணிக்கே வந்து அன்னிக்கு வேண்டிய தட்டை வெளிய எடுத்து வெச்சுடுவாங்க. ஒன்பது மணிக்கு நான் வந்து குடுக்கறப்ப உருகியிருக்கும். அப்புறமா அந்தம்மாவைக் கேட்டேன், கல்லா இருந்துச்சே, ஏன் சொல்லலைன்னு. நீங்க படிச்சவங்க, அது அப்படித்தான் இருக்கணும் போலன்னு நினைச்சேன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்க ஏதோ கேட்டப்ப, உங்க வேலையைப் பாருங்கன்னு எரிஞ்சு விழுந்திருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல. அவங்களுக்கு இருந்துச்சு.

இன்சுலின் வாங்க வர்ற முப்பது பேருக்கும் சுகர் ஏறுது. டாக்டர் ஒவ்வொரு அட்டையிலயும் ஒரே வரிதான் எழுதறாரு, உணவுக் கட்டுப்பாடு இல்லைன்னு. முப்பது பேரும் ஒரே சமயத்துல திருட்டுத்தனமா இனிப்பு தின்னுவாங்களான்னு அவரும் யோசிக்கலை, நானும் யோசிக்கலை.

ஒருத்தி யோசிச்சா. பதினேழாம் நம்பர் அட்டை. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, அக்கா, ஓரத்துல திப்பி திப்பியா ஒட்டியிருக்கே, முன்னல்லாம் இப்படி இருக்காதேன்னா. உருட்டினா கலந்துடும், போன்னேன். அப்புறம் மக பிரசவத்துக்குன்னு வெளியூர் போய் இருபது நாள் இருந்தா. அங்க கடையில வாங்கின மருந்து. திரும்பி வந்ததும் நேரா எங்கிட்டதான் வந்தா. அக்கா, அங்க குழந்தை பொறந்த சந்தோஷத்துல ரெண்டு தடவை இனிப்பு கூடத் தின்னேன், சுகர் இறங்கிடுச்சு. இங்க வந்து வாயைக் கட்டறேன், ஏறுது. அங்கயும் நான்தான், இங்கயும் நான்தான். மாறினது பாட்டில் மட்டும்தானே? கோளாறு எங்கிட்ட இல்லக்கா, உன் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஒரு டம்ளர் தண்ணியைப் பின்னாடி தட்டுல வெச்சுப் பாரேன்னா.

இப்படி யோசிக்கச் சொல்லித் தரத்தானே சார் நீங்க திரையில பன்னெண்டு படம் போட்டீங்க?

நான் என்ன பண்ணேனா? குதிச்சேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், சார்ட்ல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, நேத்து வரைக்கும் இன்சுலின்னு சொல்ல வாய் வராதவ எனக்குச் சொல்லித் தர்றியான்னு கத்தினேன். வாயைக் கட்டத் துப்பில்லாம மருந்து மேல பழி போடறியான்னேன். அத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க. அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் எதுவும் கேக்கலை. வீட்லயும் அவளை யாரும் நம்பலை. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு போட்டாங்க.

அப்புறம் கால்ல ஒரு சின்ன புண்ணு. செருப்பு கடிச்சது. ஆறவே இல்லை.

டம்ளர் தண்ணி வெச்சேன் சார். வெச்சேன். அவ சொல்லி எழுபது நாள் கழிச்சு. அவ சொன்னது பொய்னு நிரூபிக்கத்தான் வெச்சேன், அதையும் கேட்டுக்குங்க. மறுநாள் காலையில அந்தம்மா வர்றதுக்கு முன்னாடியே போய்க் கதவைத் திறந்தேன். கண்ணாடி டம்ளர் ரெண்டா விரிஞ்சு கிடக்கு. நடுவுல ஐஸ், டம்ளர் மாதிரியே நிக்குது. முள்ளைப் பாத்தேன். நாலு.

உடனே ரிப்போர்ட் எழுதினேன். பரிசோதித்ததில் கண்டறிந்தேன். கண்டறிந்தேன்! பதினேழாம் நம்பர்னு ஒரு வார்த்தை வரலை. எழுதினா அந்த எழுபது நாளையும் எழுதணுமே. மேல இருக்கறவங்களுக்கும் அது வசதியா இருந்துச்சு. பத்திரம் குடுத்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க. முப்பது பேருக்கும் புது மருந்து குடுத்தோம், சுகர் இறங்குச்சு, அது நிஜம். அதை வெச்சு ஆறு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.

அதனால அந்தப் படத்தை எடுத்துடுங்க. இல்லன்னா நான் இப்ப சொன்னதை அப்படியே போடுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க, எனக்கென்ன இனிமே. ஆனா கண்டுபிடிச்சது அவதான்னு எழுதுங்க.

யாரு, பதினேழாம் நம்பரா? இப்ப எங்க இருக்காளா? எங்க வீட்லதான். அப்பவும் எங்க வீட்லதான் இருந்தா. சர்க்கரை டப்பாவைப் பூட்டி சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டதும் நான்தான். என் தங்கச்சி சார், கூடப் பிறந்தவ. பத்திரம் வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தா, காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் படிச்சா. இதுல தண்ணி டம்ளரைப் பத்தி ஒண்ணுமே இல்லையேக்கான்னா.

அதுக்கு முந்தின வாரம்தான் அவ வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்திருந்தாங்க.