ஓலைத் தட்டிக்கு வெளியே, 1942

விமானம் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. முதலில் வண்டுச் சத்தம். பிறகு தகரத்தைத் தரையில் இழுக்கும் சத்தம்.

"ஏலே, பாயை இறக்குல! எல்லாரும் படுங்க!"

கத்துகிறவர் தண்டல் சவரிமுத்து. தோணியை நடத்துபவர். அவர் கடிகாரத்தில் மணி ஏழு பத்து. காலை. 1942, பாஸ்குத் திருநாளான ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை. ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாளே தோணி ஏறிவிட்டோம். தூத்துக்குடி இன்னும் ஐந்து மணி நேரம்.

சுடுகிறது. பலகையில் ஆணி அறைவதுபோல் வரிசையாகச் சத்தம். எண்ணினேன். ஒன்பது. பிறகு இல்லை. விமானம் தெற்கே போய்விட்டது. எந்த நாட்டு விமானம் என்று தெரியாது. சிவப்பு வட்டம் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதமாட்டேன்.

எங்களோடு வந்த தையற்காரர் மிக்கேல் அசையவில்லை. என் அம்மா பவுலம்மாளுக்குத் தொடையில் குண்டு. இரத்தம் துடித்துத் துடித்து வருகிறது. என் சேலையை அவிழ்த்து நான்காக மடித்துக் காயத்தில் கட்டி இறுக்கினேன்.

"ஏளா ரோசா, கட்டை விட்டுராத! அமுக்கியே பிடி!" என்றார் தண்டல்.

பிடித்தேன். இரத்தம் நின்றது. உடுத்திக்கொள்ளத் தண்டல் தன் மாற்றுச் சாரத்தையும் சட்டையையும் என்மேல் போட்டார்.

என்னைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. நான் பிறந்தபோது மருத்துவச்சி ஆண் என்றும் சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லை. அம்மா பெண் என்றாள். ரோசாள் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதினைந்தில் மேலுதட்டில் மயிர் வந்தது. குரல் உடைந்தது. மாதவிலக்கு வரவே இல்லை. என் உடலில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன. எதுவும் முழுதாக இல்லை. அம்மா ஒருநாளும் அதைப் பேசவில்லை. தலை பின்னிவிட்டாள். அவ்வளவுதான்.

பன்னிரண்டே காலுக்குத் தூத்துக்குடிக் கரை. அகதிகளுக்கு இரண்டு கொட்டகைகள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. நடுவில் கிளார்க்கின் மேசை. மேசைமேல் கடிகாரம். அம்மாவைக் கட்டிலோடு பெண்கள் கொட்டகைக்குத் தூக்கிப் போகிறார்கள். என் கை இன்னும் அந்தக் கட்டின் மேல்தான். வாசலில் ஆயா தடுக்கிறாள்.

"இங்கன பொம்பளைங்க இருக்காங்க. ஆம்பளைக்கு என்ன சோலி? கைய எடு!"

கை எடுக்கப்பட்டது. நான் எடுக்கவில்லை. காவலர் எடுத்தார்.

தண்டல் ஓடி வந்தார். "அது பவுலம்மா மகதான் சார். பொறந்ததுலேர்ந்து பாக்கேன்." கிளார்க் பட்டியலைப் பார்த்தார். ரோசாள், பெண். என்னைப் பார்த்தார். சாரம், சட்டை, மீசை. தண்டலைத் தோணிக்குப் போகச் சொன்னார். டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் இளைஞர். ஒரு பாய்த்துணிக்குப் பின்னால் என்னைப் பரிசோதித்தார். துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்கள் கொட்டகைச் சிரிப்பு கேட்டது.

"ஏலே, இவன் பேரு ரோசாளாம்! மச்சான், மீசைக்கு என்ன எண்ணெய் தேய்க்க?"

டாக்டர் கை கழுவினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளார்க்கிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கிளார்க் பேனாவை மூடினார்.

"ரெண்டு கட்டம்தான் இருக்கு. மூணாவது கட்டம் கவர்மெண்ட் போடல. நான் எதுல எழுத?"

எதிலும் எழுதவில்லை. பெயர் எழுதப்படாதவருக்கு உள்ளே விடும் அடையாள வில்லை கிடையாது. வில்லை இல்லாதவர் எந்தக் கொட்டகைக்குள்ளும் போகமுடியாது. கிளார்க் கெட்டவர் அல்ல. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

நான் பெண்கள் கொட்டகையின் பின்பக்கம் போனேன். பனையோலைத் தட்டி. விரல் நுழையும் இடைவெளி. அம்மாவின் கால் தெரிந்தது. முகம் தெரியவில்லை. மணி இரண்டு இருக்கும். ஆயா வெந்நீரும் புதுத் துணியும் கொண்டுவருகிறாள். கட்டு அழுக்காக இருக்கிறதாம். முடிச்சில் கை வைக்கிறாள்.

"அவிழ்க்காதீங்க! அவிழ்த்தா ரத்தம் வந்துரும்! அவிழ்க்காதீங்க!"

என் குரல் ஆண் குரல். உள்ளே பெண்கள் அலறினார்கள். "ஆம்பள ஒருத்தன் எட்டிப் பாக்கான்! வெரட்டுங்க அவன!"

காவலர் வந்தார். தடியால் முழங்காலில் ஒரு அடி. விழுந்தேன். தரையோடு இருந்த ஓலை இடுக்கில் கட்டில் கால் தெரிந்தது. அதன் கீழே மணல் கறுப்பாகிக்கொண்டு வந்தது.

"ரோசா" என்றாள் அம்மா. மூன்று தடவை. நான் பதில் சொன்னேனா என்பது நினைவில்லை. அதை நினைவுபடுத்திக்கொள்ள ஏழு வருடமாக முயல்கிறேன்.

மூன்றே முக்காலுக்கு அவளை வெளியே கொண்டுவந்தார்கள். வண்டியின் பின்னால் கல்லறைத் தோட்டம்வரை நொண்டிக்கொண்டு நடந்தேன். கோயில் பங்குச் சாமியாரைத் தண்டல் அழைத்து வந்திருந்தார்.

அதன்பின் நான் மனு எழுதுகிறவனானேன். எழுதுகிறவளானேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களுக்காக, தொழுநோய் என்று வரிசையிலிருந்து தள்ளப்பட்டவர்களுக்காக, என்னைப் போன்ற இருவருக்காக. காயம்பட்டவரோடு ஓர் உறவினர் இருக்கலாம், அவர் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி என்று மேலதிகாரி ஓர் உத்தரவு போட்டார். அதற்குள் போர் முடிந்து கொட்டகைகளைப் பிரித்துவிட்டார்கள். சென்ற டிசம்பரில் உலக நாடுகள் கூடி மனித உரிமைகளை அறிவித்த செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். ஒவ்வொருவரும் எங்கேயும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்கப்பட வேண்டும் என்கிறது ஆறாம் பிரிவு. நான்கு முறை படித்தேன். பிறகு மடித்து வைத்தேன்.

அன்றைய பதிவேட்டின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. நான்கு வருட மனுக்களுக்குப் பிறகு கிடைத்தது. திருத்தக் கேட்டேன். திருத்த இடமில்லை என்று பதில் வந்தது.

எண்ணி எழுதுகிறேன். தோணியில் ஏறிய பயணிகள் இருபத்து நான்கு பேர். கடலில் இறந்தவர் ஒருவர், மிக்கேல். கரையில் இறங்கியவர்கள் இருபத்து மூன்று பேர். பதிவேட்டில் இருபத்து இரண்டு. கொட்டகையில் இறந்தவர் ஒருவர். பவுலம்மாள், வயது நாற்பத்தொன்று. உடன் வந்த உறவினர் என்ற இடத்தில் எழுதியிருப்பது: எவருமில்லை.