நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளின் நாயகருக்கு

பொருளுக்குப் பொருள் பிரித்தறிந்த புலமைப் பெருந்தகையே! அடித்தும் திருத்தியும் அலுக்காத அகராதி அண்ணலே! மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசை முழுதும் அதைத் தேடும் மேன்மையே! முப்பத்தோர் ஆண்டுகள் மூட்டுவலியோடு இந்த மூன்றாம் மாடி ஏறிவந்த முதன்மைப் பதிப்பாசிரியரே! பணி நிறைவு காணும் இந்நாளில், உங்களோடு ஒரே கூரையையும் அது ஒழுகும்போது கீழே வைக்கும் ஒரே வாளியையும் பகிர்ந்துகொண்ட அகராதி அலுவலகத்தார் நாங்கள், உள்ளம் நெகிழ்ந்தும், உள்ளதைச் சொன்னால் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டும் வாசித்தளிக்கும் மடல் இது. வழியனுப்பு விழாவில் ‘அப்பாடா’வா என்று முன்வரிசையில் இருப்போர் முகம் சுளிக்க வேண்டா. காரணம் பின்னால் வருகிறது.

‘ரன்’ என்பது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. பள்ளியில் சேர்ந்த முதலாண்டே ‘ஓடு’ என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிடுவார்கள். அச்சொல்லை நீங்கள் கையில் எடுத்தபோது ஒரு வாரத்து வேலை என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆறு ஓடுகிறது, சரி. மூக்கு ஒழுகுகிறது. துவைத்த சட்டையில் சாயம் போகிறது. காய்ச்சல் அடிக்கிறது, கடை நடக்கிறது, செய்தி வெளியாகிறது, காலுறையில் இழை பிரிகிறது. இத்தனைக்கும் ஆங்கிலம் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ள, நீங்களோ ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, ஒவ்வோர் அட்டைக்கும் உரிய தமிழைத் தேடி, அதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் அழைத்துவந்து அருகில் உட்கார வைத்தீர்கள். ஆங்கிலத்தில் தேர்தலுக்கு ஓடுகிறார்கள், தமிழில் நிற்கிறார்கள் என்று உங்களுக்குப் பிடிபட்ட அன்று, தேநீரை ஆறவிட்டு அறை அறையாக வந்து அதைச் சொன்னீர்கள். கணக்கரிடம் இரண்டு முறை சொன்னீர்கள். அன்றிலிருந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு ‘ஓட்டக்காரர்’ என்று பெயர். படியேற ஐந்து நிமிடம் ஆகும் ஒருவருக்கு அப்பெயர் வைத்த எங்கள் குறும்பைப் பொறுத்தருள்க!

குறையே இல்லாத கோமகனே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சட்டம் போட்டு மாட்டப்போகும் தாளில் பொய் இருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. சரியான சொல் கிடைக்கும்வரை, ரன் அட்டை ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு மையில் ‘ஓடு’ என்று எழுதி வைப்பீர்கள். கிடைத்த சொல்லை அதன் கீழே நீல மையில், எறும்பு ஊர்ந்ததுபோல எழுதுவீர்கள். சிவப்பை அடிக்கவே மாட்டீர்கள். இது முதல் பழக்கம். பழைய தாள் சாக்கை வெள்ளிக்கிழமை கட்டி அனுப்புமுன் அதில் கைவிட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதை எல்லாம் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள். இது இரண்டாவது. முதலாவது எங்களைக் கவிழ்த்தது, இரண்டாவது கரையேற்றியது.

எங்களுள் அட்டை பிரிக்கும் அம்மையார் ஒருவர் உண்டு. எல்லோரும் ‘அட்டை அக்கா’ என்போம். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரக்கப் பரக்க வந்து சேரும் அவருக்கு அப்போது தற்காலிகப் பணிதான். இம்மாத முடிவில் நிரந்தர ஆணை வர வேண்டியிருந்தது. பிழைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அது வராது. இந்த அலுவலகத்தில் ஒரே தமிழ்ச் சொல் உள்ள அட்டைகளைச் சேர்த்துக் குண்டூசி குத்தி, மேலட்டையை மட்டும் தட்டச்சுக்கு அனுப்பி, மற்றவற்றைச் சாக்கில் போடுவது வழக்கம். அக்கா அப்படியேதான் செய்தார். நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளிலும் சிவப்பில் ‘ஓடு’ என்று இருந்தது. ஒரே கட்டாகக் குத்தினார், மேலட்டையை அனுப்பினார், மிச்சத்தைச் சாக்கில் போட்டார். நீங்கள் விடைபெற ஒன்பது நாள் இருக்கையில் அச்சகத்திலிருந்து பிழை பார்க்க மெய்ப்புத் தாள் வந்தது. உங்கள் ஒன்பது ஆண்டு உழைப்பு அதில் ஒரு வரியாக இருந்தது: ‘ரன் – ஓடு.’

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாக்கு முந்தின வெள்ளிக்கிழமையே போய்விட்டது. நான்காம் நாள் காலை அச்சு ஏறும், கையில் இருப்பதுதான் போகும் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆணை வந்துவிடும் என்று ஒரு நிமிடம் நினைத்தாராம் அக்கா; அதை மறைக்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு மெய்ப்பை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்து, நடந்ததை நின்றபடியே சொல்லி முடித்தார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்:

“பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சா?”

ஐயாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அக்கா நினைத்தார்.

அன்று மாலை பேருந்து பிடித்து உங்கள் இல்லம் வந்தோம். அட்டைகளின் முகத்தைப் பாராமல் முதுகை மட்டும் பார்த்து நீங்கள் கொண்டுபோன கட்டு அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுகும் அட்டையின் பின்னால் சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு. காய்ச்சல் அட்டையில் மின்கம்பி வேலைக்காரரின் தொலைபேசி எண். கடை நடத்தும் அட்டை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. இழை பிரியும் அட்டையில் உங்கள் மூட்டுவலி மாத்திரைக்கு நேரம் குறித்திருந்தது. அலமாரி, சன்னல், தலையணையடி எல்லாம் துழாவி நூற்றுப் பத்து சேர்த்தோம். மேலட்டை அலுவலகத்திலேயே இருந்தது. ஒன்று மட்டும் குறைந்தது. தேர்தலுக்கு நிற்கும் அட்டை. சமையலறை மேசை ஆடாமல் நிற்க, அதன் காலடியில் நான்காக மடித்துச் செருகியிருந்தார் உங்கள் இல்லத்தரசியார். அவரே குனிந்து அதை உருவிக் கொடுத்து, “ஒன்பது வருஷமா எங்களோட இருந்ததைவிட இந்த வார்த்தையோட இருந்ததுதான் அதிகம். கொண்டுபோய் அச்சுக்குக் குடுங்க. மேசை ஆடினா ஆடட்டும்” என்றார். அட்டை அக்கா அந்தச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எங்களுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

மூன்று நாள் இந்த மாடியில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலை, ‘ரன்’ ஒன்றுக்கு மட்டும் ஆறு பக்கங்கள் அச்சகம் போயின. இன்று அச்சுத்தாள் வந்திருக்கிறது. இம்மடலோடு அதையும் உங்கள் கையில் தருகிறோம். நூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன, எண்ணிக்கொள்க!

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. பிழைப் பதிவேட்டில் ‘பிழைக்குக் காரணமானவர்’ என்ற கட்டத்தில் நீங்கள் ‘குண்டூசி’ என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். அக்கா பதறியபோது, “மேல சிவப்புல எழுதினது நான்தானேம்மா” என்றீர்கள். ஆனாலும் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. நேற்று அவரே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மேலதிகாரி பதிவேட்டைத் திறந்து பார்த்தார். “இங்க குண்டூசின்னு போட்டிருக்கு. ஐயா எழுதினதை நான் எப்படித் திருத்துறது?” என்று மூடி வைத்தார். நிரந்தர ஆணை இன்று காலை அக்கா கைக்கு வந்தது.

அருமைக்குரிய ஐயா! பிறர் பிழையைத் தன் பிழையாய் ஏற்ற பெருமனமே! இனி உங்களைத் துரத்தும் மெய்ப்பு இல்லை, ஏறவேண்டிய மாடி இல்லை. மூட்டுவலி தீர்ந்து, முகம் மலர்ந்து, மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருக்க, துணைவியாரோடு பல்லாண்டு இனிதிருக்க வேண்டுகிறோம். மேசைக் காலுக்கு ஒரு மரத்துண்டு சீவி, விழாப் பரிசோடு கட்டி வைத்திருக்கிறோம். இந்த மடலின் பின்பக்கமும் வெள்ளைதான்; ஆனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது என்பதைத் துணைவியார் கவனிக்க வேண்டுகிறோம்.

என்றும் உங்கள் அன்பில் வாழும்
அகராதி அலுவலகத்தார்

மடலை எழுதியவர்: குண்டூசி