பறக்கிறவருக்குச் சாரம்

படத்தில் என் வழுக்கைக்குக் கணினியால் முடி வைத்துக்கொள்ளத் துறைமுகத்தடி ஸ்டூடியோவுக்குப் போனவன் நான். எனக்கு முன்னால் ஒரு பெண், மீன்பிடிக்கிற கணவனின் பிறந்தநாளுக்கு அவரைப் பறக்கும் வீரனாக்கிப் போஸ்டர் செய்வித்துக்கொண்டிருந்தார். துறைமுகம், அவர் முகம், வேறு யாரோ ஒருவரின் புஜங்கள், சிவப்புப் போர்வை எல்லாம் திரையில் ஒட்டியாயிற்று.

“இவர் எப்பவும் இடுப்பில கட்டுற சாரம் எங்க தம்பி?”

“பறக்கிறவருக்குச் சாரம் நிக்காது அக்கா.”

“சண்டிக்கட்டா மடிச்சுக் கட்டிவிடுங்கோ. நாளைக்கு மீன்வாடியில தொங்கவிடுறது. சாரம் இல்லாட்டி அங்க ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. மனுசனுக்கு மனசு விட்டுப்போகும்.”

ஸ்டூடியோக்காரர் இன்னொரு படத்திலிருந்து சாரத்தை வெட்டி ஒட்டினார்.

“ஓம், இப்ப இவர்தான்,” என்றார் அந்தப் பெண்.

வீட்டில் முடி வைத்த என் படத்தைக் காட்டி, இந்தக் கதையையும் மனைவியிடம் சொன்னேன்.

“நீங்களும் சாரத்தோட நிண்டிருந்தா எனக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கும்,” என்றாள்.