உடைந்த பாலத்தில் இருந்த நால்வர்

சூடாமணி: "அன்று மாலை உடைந்த பாலத்தில் இருந்தவர்கள் நால்வர். மயிலாப்பூர் ஸ்ரீநாத், வயது இருபது. அவனுடன் படிக்கும் சுரேஷ்குமார், தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர் மகன். சீனிவாசபுரத்து மீனவர் கபாலி. சைக்கிள் பழுது பார்க்கும் ஷரஃபுதீன்." இது வரைக்கும் சரிதானே?

ஷரஃபுதீன்: சரி டீச்சரம்மா. என் பேரு கடைசியில கீது… நான் கடைசியாத்தான் வந்தேன். சரிதான்.

சூடாமணி: குறுக்கப் பேசாதே. முழுக்கக் கேளு, அப்புறம் கையெழுத்துப் போடு. நாளைக்குக் காலம்பற இன்ஸ்பெக்டர் கையில குடுக்கணும்.

ஷரஃபுதீன்: உள்ள வந்து குந்துங்களேன். ஷட்டரு பாதிதான் தொறந்து வெச்சிக்கிறேன். கொஞ்சம் குனிஞ்சு…

சூடாமணி: இங்கயே நிக்கறேன்.

ஷரஃபுதீன்: பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்சிதா?

சூடாமணி: நேத்து சுபம். இன்னிக்குத்தான் வாசப்படி தாண்டறேன். கேளு. "1998 மார்ச் 14, சனிக்கிழமை மாலை, ஸ்ரீநாத் அடையாறில் டியூஷன் முடித்துவிட்டு அந்தப் பாலத்தின் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தான்."

ஷரஃபுதீன்: டீச்சரம்மா.

சூடாமணி: என்ன?

ஷரஃபுதீன்: அந்தப் பாலம் நடுவுல கெடையாது. இருவது வருசமா ஒடைஞ்சு கெடக்குது. அது மேல எவன் வூட்டுக்குப் போவான்? இன்ஸ்பெக்டரு சிரிப்பாரு.

சூடாமணி: …சரி. "காற்று வாங்கப் போயிருந்தான்."

ஷரஃபுதீன்: ஹெல்மெட்டு மாட்டிக்கினா?

சூடாமணி: ஹெல்மெட் போட்டுண்டிருந்தானா?

ஷரஃபுதீன்: ஹெல்மெட்டு, முட்டிக்குப் பேடு. கிரிக்கெட் பேடை வெட்டி நான்தான் தெச்சுக் குடுத்தேன். உங்களுக்குத் தெரியாதா?

சூடாமணி: ஆத்துக்குக் கொண்டு வந்ததில்லை.

ஷரஃபுதீன்: ஆமா… இங்கதான் வெச்சிட்டுப் போவான். அத்தை பாத்தா கேப்பாங்கன்னு.

சூடாமணி: கேட்டிருப்பேன்.

ஷரஃபுதீன்: அதான்.

சூடாமணி: தெருவுல என்ன பேசறான்னு உனக்குத் தெரியுமோ?

ஷரஃபுதீன்: தெரியும்.

சூடாமணி: சொல்லு.

ஷரஃபுதீன்: வேணாம் டீச்சரம்மா.

சூடாமணி: நானே சொல்றேன். கணக்குல அரியர் வந்துதாம். அத்தை முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு டீச்சராம். அந்த அவமானம் தாங்காம பாலத்துலேர்ந்து ஆத்துல விழுந்துட்டானாம். என்னோட வேலை பார்த்த விஜயலக்ஷ்மி துக்கம் கேக்க வந்தா. காப்பி வேண்டாம்னா. அப்புறம் மெதுவா, "ஏதாவது எழுதி வெச்சுட்டுப் போனானா"ன்னு கேக்கறா.

ஷரஃபுதீன்: நீங்க இன்னா சொன்னீங்க?

சூடாமணி: செருப்பு வாசல்ல இருக்குன்னு சொன்னேன். எங்க குடும்பத்துல இது வரைக்கும் யாரும் அப்படிப் போனதில்லை. போக மாட்டா. அதைத்தான் இந்தக் காகிதம் சொல்லப் போறது. அடுத்த வரி உன்னைப் பத்தி. நிதானமாக் கேளு.

ஷரஃபுதீன்: படிங்க.

சூடாமணி: "சரிவில் இறங்கும்போது சைக்கிளின் பிரேக் பிடிக்காமல் போனதால் கீழே விழுந்து, கழுத்தில் அடிபட்டு அவ்விடத்திலேயே இறந்தான். சைக்கிளைப் பழுது பார்த்து வந்தவர் ஷரஃபுதீன்."

ஷரஃபுதீன்: அவ்ளோதானா?

சூடாமணி: அவ்வளவுதான்.

ஷரஃபுதீன்: ரெண்டு வரியில என்னை உள்ள வெச்சிட்டீங்களே.

சூடாமணி: நீ வேணும்னு பண்ணினேன்னு எழுதலை. கவனக்குறைவு. அதுக்கு வக்கீல் வெக்கறேன். நான் பார்த்துக்கறேன்.

ஷரஃபுதீன்: ரெண்டு தபா ஸ்டேசன்ல உக்கார வெச்சாங்க. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் பெஞ்சு. ஜஹீதா சோத்தை எடுத்தாந்து வாசல்லயே நின்னா, உள்ள வுடல. இன்னா கேஸுன்னு போறவன் வர்றவன்லாம் அவளைக் கேக்கறான். பொண்டாட்டி இன்னான்னு பதில் சொல்லுவா?

சூடாமணி: எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

ஷரஃபுதீன்: பத்து நாளா ஒருத்தன் சைக்கிளைக் கொண்டாரல. பிரேக்கு பாய் கடைன்னு பேரு வெச்சிட்டாங்க. இப்ப நீங்களும் அதையே கையால எழுதிக்கினு வந்து…

சூடாமணி: பின்ன வேற என்ன எழுதறது, சொல்லு. ஆத்துல விழுந்தான்னு எழுதட்டுமா?

ஷரஃபுதீன்: நடந்ததை எழுதுங்க. அவன் டிராப்பு அடிச்சான்.

சூடாமணி: அப்படின்னா?

ஷரஃபுதீன்: பாலம் ஏறுற எடத்துல பக்கச் சொவரு இடிஞ்சிருக்கும். அங்கேர்ந்து கீழ மணலு ஏழடி. வேகமா வந்து, அந்த வெளிம்புலேர்ந்து சைக்கிளோட கீழ வந்து, மணல் சரிவுல எறங்கிப் போய்க்கினே இருப்பான். ஆத்துப் பக்கமே கெடையாது. தண்ணி அந்தாண்ட கீது.

சூடாமணி: சைக்கிளோட ஏழடி.

ஷரஃபுதீன்: அவுங்க மாமா வான்கூவர்லேர்ந்து சைக்கிளோட ஒரு வீடியோ கேசட்டும் கொண்டாந்தார்ல? அதுல காட்டுறான். மலையில ஓட்டுறது. இங்க இந்த ஸ்டூல்ல குந்திக்கினு எனக்குப் பாடம் எடுப்பான். "பாய், இதுல நாலஞ்சு தினுசு இருக்கு"ன்னுவான்.

சூடாமணி: என்ன தினுசு?

ஷரஃபுதீன்: உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்…

சூடாமணி: சொல்லு. இருபது வருஷம் வளர்த்தவ நான்.

ஷரஃபுதீன்: ஒண்ணு, செங்குத்தா எறக்கத்துல வுடறது. அதுக்குப் பரங்கிமலைக்குப் போவான். ஒண்ணு, மண்மேட்டுல ஏறி ஆகாசத்துல எழும்பறது. பறக்கும் ரயில் வேலைக்கு மண்ணு கொட்டி வெச்சிருந்தான்ல மந்தைவெளியில, அங்க. அப்பறம் படிக்கட்டு, மதிலு, இந்த மாரி ஊருக்குள்ள ஓட்டறது. இன்னொண்ணு, காட்டுல மரப்பலகை போட்டு, ஒரு ஜாண் அகலத்துல, அது மேல கவுறாம போறது.

சூடாமணி: இங்க காடு ஏது?

ஷரஃபுதீன்: பக்கிங்காம் கால்வாய் மேல பைப்பு போவுதுல்ல.

சூடாமணி: …அந்தப் பைப் மேலயா?

ஷரஃபுதீன்: ரெண்டு தபா சாக்கடையில வுழுந்தான். இங்கதான் குளிச்சிட்டு வூட்டுக்கு வருவான். ஜஹீதா சோப்பு போட்டு சட்டை தொவைச்சுக் குடுப்பா.

சூடாமணி: மழையில நனைஞ்சுட்டேன்னு சொன்னான். ஜனவரி மாசம் ஏதுடா மழைன்னு கேட்டேன்.

ஷரஃபுதீன்: கேட்டீங்களாம். சொன்னான். சிரிப்பா சிரிச்சோம். கடைசி தினுசுதான் டிராப்பு. இது எல்லாத்தையும் சேத்து ஃப்ரீரைடுன்னுவான்.

சூடாமணி: போட்டியா? யாரோட?

ஷரஃபுதீன்: போட்டி கெடையாது. வாட்ச் வெச்சுப் பாக்க மாட்டாங்க. கோடு போட்டுத் தர மாட்டாங்க. எந்தப் பக்கம் எறங்கணும்னு அவனே பாத்து முடிவு பண்ணுவான். எறங்கினா எறங்கினதுதான்.

சூடாமணி: மார்க் போடறது யாரு?

ஷரஃபுதீன்: யாரும் போட மாட்டாங்க.

சூடாமணி: அப்போ அவன் நன்னா பண்றானா இல்லையான்னு எப்படித் தெரியும்?

ஷரஃபுதீன்: பாத்தா தெரியும் டீச்சரம்மா. கபாலி கீறாருல்ல, வலை பின்னிக்கினு இருப்பாரு. இவன் மேல ஏறினா ஊசியைக் கீழ வெச்சிட்டுப் பாப்பாரு. "இந்தப் புள்ளை வர்றப்ப சத்தமே இல்லை பாரு"ன்னுவாரு. மத்தவன் எறங்கினா தொப்புன்னு கேக்கும்.

சூடாமணி: எத்தனை தடவை பண்ணியிருக்கான்?

ஷரஃபுதீன்: அந்த எடத்துல பதினேழு. சுரேஷ்குமார் எண்ணிக்கினே வருவான்.

சூடாமணி: பதினேழு தடவை சத்தமில்லாம இறங்கினவன், பதினெட்டாவது தடவை ஏன் விழறான்? உன்னைத்தான் கேக்கறேன்.

ஷரஃபுதீன்: அந்தப் பேப்பரைக் குடுங்க.

சூடாமணி: எதுக்கு?

ஷரஃபுதீன்: கையெழுத்து போடறேன். நீங்க எழுதினதே இருக்கட்டும். பிரேக்கு பழுது. பாய் தப்பு.

சூடாமணி: இப்போதானே உள்ள வெச்சுட்டேன்னு சண்டை போட்டே.

ஷரஃபுதீன்: போட்டேன். யோசிச்சா நீங்க எழுதினதும் பாதி நெசம்தான்.

சூடாமணி: எந்தப் பாதி?

ஷரஃபுதீன்: எப்பவும் அவன் ஏறுறதுக்கு முன்னாடி நான் சைக்கிளைத் தலைகீழா நிறுத்துவேன். சக்கரத்தைச் சுத்தி வுட்டு, ஒவ்வொரு பிரேக்கா தனித்தனியா புடிச்சுப் பாப்பேன். அன்னிக்கு அசர் தொழுதுட்டு வர லேட்டாயிடுச்சு. சுரேஷ்குமார் கடை வேன்ல சைக்கிளை ஏத்திக்கினு வந்து எறக்கிட்டாங்க, அவன் ஓட்டிக்கினு வரல. நான் போவ சொல்லோ அவன் மேல நிக்கறான். வெளிச்சம் போவுது பாய், ஒண்ணே ஒண்ணுன்னு கையைக் காட்டினான். நானும்… சரின்னு காட்டிட்டேன்.

சூடாமணி: இதைப் போலீஸ்ல சொன்னியா?

ஷரஃபுதீன்: இல்ல. யார்கிட்டயும் சொல்லல.

சூடாமணி: பார்த்திருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்? பிரேக் அறுந்திருந்துதா?

ஷரஃபுதீன்: வுடுங்க டீச்சரம்மா. பேனாவைக் குடுங்க.

சூடாமணி: நான் சைக்கிள் தெரியாதவள்னு நினைக்காதே. அம்பத்திரண்டுல தெற்கு மாட வீதியிலேர்ந்து ராயப்பேட்டை வரைக்கும் தினம் சைக்கிள்ல போனவ. புடவையோட. ஊர் பேசித்து, திரும்பிப் பார்க்கலை. சொல்லு. ஒயர் அறுந்திருந்துதா, தேஞ்சிருந்துதா?

ஷரஃபுதீன்: ரெண்டும் இல்ல.

சூடாமணி: பின்ன?

ஷரஃபுதீன்: …ஸ்டேசன்ல சைக்கிளைச் சாச்சு வெச்சிருந்தான். உக்காந்த எடத்துலேர்ந்து பாத்தேன். நம்ம ஊரு சைக்கிள்ல முன் பிரேக்கு வலது கையில இருக்கும்.

சூடாமணி: ஆமாம்.

ஷரஃபுதீன்: அவுங்க ஊர்ல தலைகீழு. முன் பிரேக்கு இடது கை. வலது கை பின்னாடி. வந்தப்பவே கேட்டேன், மாத்திக் கட்டட்டுமாடான்னு. வேணாம் பாய், நான் பழகிக்கறேன்னான். எட்டு மாசத்துல கை பழகிடுச்சு. டிராப்புல மணல்ல எறங்கின ஒடனே, வலது கை ஒரு வெரலால லேசா தொடணும். பின் சக்கரம் புடிச்சு வேகம் கொறையும். இல்லேன்னா நேரா போய்ப் பாறாங்கல்லுதான். அதே வெரலு முன் சக்கரத்தைப் புடிச்சா சைக்கிள் நின்னுடும். ஆளு நிக்க மாட்டான். ஹேண்டில் பாருக்கு மேல…

சூடாமணி: புரியறது.

ஷரஃபுதீன்: ஸ்டேசன்ல பாத்தப்ப ஒயரு மாத்திக் கட்டிக்கீது. என் கட்டு இல்ல. நான் நுனியில ஈயக் குப்பி மாட்டுவேன். இது முறுக்கி மடிச்சு வுட்டது. மந்தைவெளி சைக்கிள் கடை நாகராஜ் வேலை. பாத்தாலே தெரியும்.

சூடாமணி: நாகராஜைக் கேட்டியா?

ஷரஃபுதீன்: கேட்டேன்.

சூடாமணி: யார் கொண்டு வந்து குடுத்தான்னு சொன்னானா?

ஷரஃபுதீன்: சொன்னான்.

சூடாமணி: யாராம்?

ஷரஃபுதீன்: மறந்துட்டேன்.

சூடாமணி: ஷரஃபு.

ஷரஃபுதீன்: மெய்யாலுமே மறந்துட்டேன் டீச்சரம்மா. நாகராஜையும் மறந்துட சொல்லிட்டேன். ரெண்டு பேரும் மறந்தாச்சு. குடுங்க, எங்க போடணும்? இங்கியா?

சூடாமணி: ரெண்டு நாள் பெஞ்சுல உக்கார வெச்சும் இதைச் சொல்லலையா நீ?

ஷரஃபுதீன்: சொன்னா புள்ளை திரும்பி வருவானா? வூட்டுல இருக்கிறவங்களாவது நிம்மதியா…

சூடாமணி: கையை எடு. கையெழுத்துப் போட வேண்டியது நீ இல்லை.

ஷரஃபுதீன்: டீச்சரம்மா, பேப்பரைக் கிழிக்காதீங்க.

சூடாமணி: கிழிக்கலை. முதல் பத்தி சரியா இருக்கு, மிச்சத்தை அடிக்கறேன். அந்தப் பலகையை இப்படி நகர்த்து. எழுதிண்டே படிக்கறேன், நடுவுல பேசாதே. "ஸ்ரீநாத் உயிரை விடப் போகவில்லை. தனக்குப் பழகிய இடத்தில், பதினேழு முறை சரியாகச் செய்ததைப் பதினெட்டாம் முறையாகச் செய்தான். மார்ச் 13, வெள்ளிக்கிழமை நண்பகல், அவன் கல்லூரிக்குப் போயிருந்தபோது, அவனுடைய அத்தை சூடாமணி நடையில் நின்ற சைக்கிளை ஒதுக்கி வைக்கப் போனாள். பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். முன் பிரேக் இடது கையில் இருந்தது. பொருத்தியவர்கள் தவறு செய்துவிட்டதாகவும், சாலையில் அது ஆபத்து என்றும் நினைத்தாள். ஷரஃபுதீன் கடை தொழுகைக்காக மூடியிருந்தது. மந்தைவெளிக்குத் தள்ளிக்கொண்டு போய், நாகராஜிடம் மாற்றிக் கட்டச் சொல்லி, அவன் கட்டி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். தேர்வு முடிவு வந்த புதன்கிழமையிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. ஆகையால் மாற்றியதை அவனிடம் சொல்லவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. பிரேக் பிடித்தது."